ஊசி போடாத வைத்தியம்

"ரெண்டு நாளா படுத்திருக்கோம், ஒரு ஊசிகூடப் போடலியே சார்." மழைக்காலம் வந்தால் குழந்தைகள் வார்டில் காதில் விழும் பேச்சு இது. கேட்பவர் பெரும்பாலும் ஆயா. மடியில் நாலு மாதக் கைக்குழந்தை. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கால் விரலில் சிவப்பாய் மின்னும் கிளிப். ஆயாவின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சீட்டில் 'பிராங்கியோலைட்டிஸ்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் ஊசி போடாததுதான் சரியான வைத்தியம்.

பிராங்கியோலைட்டிஸ் இரண்டு வயதுக்குள், அதிலும் முதல் ஆறு மாதத்தில் அதிகம் வரும் நோய். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் காரணம். 1956-ல் இதை முதன்முதலில் கண்டுபிடித்தது சளி பிடித்த சிம்பன்சிகளிடம்! நமக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். மூக்கைச் சிந்திய கையோடு பள்ளிக்கூடத்து அக்கா தம்பியைக் கொஞ்சினால் போதும், கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் கரும்புக் கொல்லையில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இந்த நோயை எளிதில் விளக்கிவிடலாம். மோட்டார் ஓடும், துளையில் உப்பும் பாசியும் அடைத்திருந்தால் கடைசிக் கரும்புக்குத் தண்ணீர் போகாது. நுரையீரலின் கடைசிக் கிளைக் குழல்கள் அப்படித்தான் உள்ளே வீங்கி, சளி அடைத்துக்கொள்கின்றன. மூச்சை இழுக்கும்போது குழல் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும். அதனால் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் விசில்போல் 'ஙொய்' என்று சத்தம் வருகிறது. அதை நாம் இளைப்பு என்கிறோம். ஆஸ்துமாவில் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நெபுலைசர் மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும். இங்கே தசையில் கோளாறு இல்லை, வீக்கமும் சளியும்தான். எனவே அந்த மருந்து பெரிதாகப் பயன்படாது. ஸ்டீராய்டும் அப்படியே. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது.

நோயின் போக்குதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் மூக்கொழுகல், லேசான காய்ச்சல். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரை இளைப்பு ஏறும். மருந்து கேட்கவில்லை என்று டாக்டரை மாற்றுவோம். மூன்றாவது டாக்டரிடம் போகும்போது ஏழாம் நாள் ஆகியிருக்கும். நோய் தானாகவே இறங்கத் தொடங்கும். அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார்!

பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடும். சலைன் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்து, தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தால் போதும். சாம்பிராணிப் புகையும், பீடி சிகரெட்டும், விறகடுப்பும் குழந்தையிருக்கும் அறைப் பக்கமே வரக்கூடாது. மூக்கில் எண்ணெய் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்? குழந்தை அழாமல் படுத்திருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40. இந்த எண்ணைத் தொட்டாலே காட்டிவிட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படியே. உதடு நீலம் பாரித்தால், மூச்சு இடையில் நின்று நின்று வந்தால், உடனே 108. குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், மூன்று மாதம் நிரம்பாதவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்வராயன் மலை ஊர்க்காரர்கள் இருட்டும்வரை பொறுத்துப் பார்க்காமல் பகலிலேயே காட்டிவிட வேண்டும். இந்த நோய் இரவில் முற்றினால் மலைப்பாதையில் இறங்கும் நேரம் ரொம்ப நீளம்.

வார்டில் நடப்பது மூன்றே வேலை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மூக்கு வழியே ஆக்சிஜன். போதாவிட்டால் அதையே சூடாக்கி, ஈரமாக்கி, வேகமாகச் செலுத்தும் கருவி. அடைத்த மூக்கை உறிஞ்சி எடுப்பது. பால் குடிக்கத் திணறினால் மூக்கு வழிக் குழாயில் பீய்ச்சிய தாய்ப்பால், அல்லது டிரிப். எக்ஸ்ரேகூட எல்லாருக்கும் தேவையில்லை. உடம்பு வைரஸை வெல்லும்வரை குழந்தையைத் தாங்கிப் பிடிப்பதுதான் இந்த வைத்தியம். ஆக்சிஜன் இல்லாமலே அளவு நிலைத்து, பாலும் ஒழுங்காய்க் குடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். மெடிக்கலுக்கு ஓடி சிரப் வாங்காதீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் நச்சு கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது 2025-ல்தான். அந்த அக்டோபரிலேயே மத்திய அரசின் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் எதுவும் எழுதவும் கூடாது, விற்கவும் கூடாது.