எரிபொருளும் விமானியின் கணக்கும்

கண்டி மாநகரை அடுத்துள்ள அம்பிட்டியவில் நின்று நோக்குவார்க்கு எப்புறமும் மலைகளே தோன்றும். சரிவும் மரச்செறிவும் வீடுகளுமன்றி அகன்ற சமநிலம் காண்டல் அரிது. அவ்வானில் ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானமொன்று பறக்குங்கால் அதன் எரிபொருள் தீர்ந்துவிடின் யாது நிகழும்? தரையிலே மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் தீர்ந்தால் சாரதி அதனை வீதியோரம் நிறுத்திவிட்டு உதவி தேடலாம். வானிலே வீதியோரம் என்பதொன்று இல்லை.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் வீழும் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின்மீது ஓடும் காற்றாகும். விமானி முகப்பைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாராயின், விமானம் மெல்ல இறங்கியவாறே சிறிது தூரம் செல்லும். நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் சிறு விமானம், காற்று அமைதியாயுள்ள வேளையில், ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தூரம் செல்ல வல்லது. அத்தூரத்துள் சமநிலம் அகப்படின் உயிர் பிழைக்கலாம். எனவே, இத்தகைய விபத்தை ஆராய்வார்முன் இரு வினாக்கள் எழுகின்றன. எரிபொருள் ஏன் தீர்ந்தது? தீர்ந்தபோது கீழே இருந்தது யாது? முன்னையது மனிதர் கையிலுள்ளது. பின்னையது பெரிதும் நற்பேற்றின்பாற்பட்டது.

முதல் வினாவுக்குரிய விடையைப் பெருவிமானங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. கணக்கு மூவகையாற் பிழைபடும்.

முதலாவது, அளவையிற் பிழை. 1983 ஜூலை 23 இல் கனடாவில் எயர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருந்தது. அளவுமானி பழுதுற்றிருந்தமையால் கணக்கிட்டே நிரப்பினர். கிலோகிராமுக்குரிய பெருக்கெண்ணை விடுத்து இறாத்தலுக்குரியதை எடுத்தமையால், வேண்டியதிற் பாதியினும் குறைவாகவே எரிபொருள் ஏறியது. நடுவானில் எஞ்சின்கள் இரண்டும் நின்றன. கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானத்தளத்தில் அது இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் பிழைத்தனர்.

இரண்டாவது, சேமிப்பின்மை. 2016 நவம்பர் 28 இல் பிரேசில் நாட்டு உதைபந்தாட்டக் குழுவொன்றை ஏற்றிய லாமியா நிறுவன விமானம் பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நகருக்குச் சென்றது. செல்லவேண்டிய தூரமும் விமானம் பறக்கவல்ல எல்லையும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. இறங்குமுன் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்ததும் எரிபொருள் தீர்ந்தது. கீழே இருந்தது மலை. 77 பேரில் 71 பேர் மாண்டனர்.

மூன்றாவது, நிலைமை மாறியபின் கணக்கு மாறாமை. 1993 நவம்பர் 15 இல் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் 262 பேருடன் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்றது. அங்கு பார்வைத் தெளிவு குன்றியமையால் இறங்க இயலவில்லை. மீண்டும் மேலெழுந்தபோது, இறங்குதற்பொருட்டு விரித்த இறக்கை மடல்கள் முற்றாக மடங்கவில்லை. அந்நிலையிலேயே விமானம் சென்னைக்குத் திரும்பலாயிற்று. மடல்கள் விரிந்திருப்பின் காற்றின் தடை மிகும், வேகம் குன்றும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் செலவாகும் எரிபொருள் பெருகும். வரும்போது போதுமாயிருந்த அளவு மீளும்போது போதாதாயிற்று. திருப்பதிக்கு அண்மையில் நெல்வயலொன்றிலே விமானம் இறக்கப்பட்டது. விமானம் பயனற்றுப்போயினும் அனைவரும் உயிர் தப்பினர்.

மெடலினில் மலையும் திருப்பதியில் வயலும் கீழே இருந்தன. இரண்டிடத்தும் எரிபொருள் தீர்ந்தது, முடிவுகளோ வேறாயின.

சிறு விமானங்களுக்கும் இம்மூன்று பிழைகளும் பொருந்தும். ஆதலினாலேயே நற்பயிற்சி பெற்ற விமானி அளவுமானியை மட்டும் நம்பாது, புறப்படுமுன் இறக்கையிலுள்ள தாங்கியின் மூடியைத் திறந்து, அளவுகோலை இட்டுப் பார்ப்பார். அமெரிக்க விதிகளின்படி, தரையைக் கண்ணாற் கண்டு செலுத்தும் சிறு விமானம், சேருமிடத்தை அடைந்தபின்னும் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறத்தற்குப் போதிய எரிபொருளுடன் புறப்படல் வேண்டும். இச்சேமிப்பு எதிர்பாராத இடர்க்கென வைக்கப்படுவது. பயணத்தை நீட்டுதற்கு உரியதன்று. எதிர்க்காற்று வீசினும் வழி தவறினும் மேகம் மறைப்பினும் விமானி கணக்கைப் புதிதாகப் போடல் வேண்டும். முன்னைய கணக்குக்கு இயையச் சேருமிடத்தை நாடுதல் தகாது. புதிய கணக்குக்கு இயைய அண்மையிலுள்ள தளத்தில் இறங்குதலே அறிவுடைமை.

எஞ்சின் பழுது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவது. எரிபொருள் தீர்தலோ கணக்கிட்டு முன்னரே அறியத்தக்கது. அம்பிட்டிய போன்ற மலைநாட்டின்மேற் பறப்பவர்க்குக் கீழே வயல் வாய்க்கும் என்னும் உறுதி இல்லை. ஆகவே, தாங்கியில் எரிபொருள் எஞ்சியிருக்கும்போதே திரும்பத் துணிவதே அங்கு உயிர்காக்கும் வழியாம்.