லிஸ்பன் கேட்ட கேள்விகள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். தலைநகரத்தின் வரலாறு என்றால் முடிசூட்டு விழா, படையெடுப்பு, புரட்சி என்றுதான் அடுக்குவோம். போர்ச்சுகலின் லிஸ்பன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கேள்வித்தாள்.

1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள். காலைப் பூசைக்குத் தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்தன. ஒன்பதரை மணி சுமாருக்கு நிலம் ஆடத் தொடங்கிச் சில நிமிடங்கள் விடாமல் ஆடியது. தப்பியவர்கள், தலையில் இடிந்து விழ எதுவும் இல்லாத வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி அடித்தரை தெரிந்தது. பிறகு ஆழிப்பேரலை வந்தது. சரிந்த மெழுகுவத்தியும் அடுப்பும் மூட்டிய தீ, மிச்சத்தைப் பல நாள் எரித்தது.

அரசர் முதலாம் ஜோசே அன்று நகருக்கு வெளியே இருந்ததால் பிழைத்தார். அதன்பின் கல் கட்டடம் என்றாலே அவருக்கு நடுக்கம். குன்றின்மேல் கூடாரத்திலும் மரவீட்டிலும் அரசவை நடந்தது. கோழை என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலையைக் கையில் எடுத்தவர் அமைச்சர் கார்வாலியு, பின்னாளில் பொம்பால் பிரபு. அகலமான நேர்த்தெருக்கள் வந்தன. புதிய வீடுகளின் சுவருக்குள் குறுக்குச் சட்டங்கள் அடித்த மரக்கட்டமைப்பு, பறவைக்கூண்டு மாதிரி. நிலம் குலுங்கினால் மரம் வளைந்து கொடுக்கும். மாதிரிக் கட்டமைப்பைச் சுற்றிப் படைவீரர்களைத் தொம் தொம்மென்று நடக்கவிட்டுச் சோதித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

இனிதான் நம் கேள்வித்தாள். பொம்பாலின் ஏற்பாட்டில் நாட்டின் பங்குகள்தோறும் பாதிரியார்களுக்கு அது போனது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? வழக்கத்தைவிட எவ்வளவு உயர்ந்தது? ஊற்றுகளில் மாற்றம் உண்டா? தீப்பிடித்ததா? எத்தனை பேர் இறந்தார்கள்? ‘யார் செய்த பாவம்’ என்று மட்டும் அதில் கேட்கவில்லை. இது கடவுளின் தண்டனை, கட்டடம் கட்டுவதை விட்டு மனந்திரும்புங்கள் என்று மலக்ரிதா என்ற சேசுசபைப் பாதிரியார் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது.

பொம்பாலை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஈவிரக்கமற்ற மனிதர். அவருக்குப் பகையான அந்த மலக்ரிதாவை 1761-இல் மதத்துரோகி என்று தீர்ப்பெழுதி, கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

வந்த பதில்கள் லிஸ்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்க ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். அட்லாண்டிக்கின் அடியில் அன்று எந்தப் பிளவு அசைந்தது என்ற வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.