குடில் நாற்றும் புற ஊதாக் கிரணங்களும்

குச்சனூர்ப் பக்கத்தில் தக்காளி, மிளகாய் நாற்றுக்களைப் பாலிதீன் குடிலில் குழித்தட்டுகளிலிட்டு வளர்க்குங்கால், அவை நெட்டையாய் ஓடி, நட்டபின் வயலில் சாய்ந்துவிடுவதுண்டு. நெருக்கமும் மிகுநிழலும் இதற்குக் காரணங்களே. கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு.

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்கள் உள. அவற்றுள் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவை படின், செடி தன் தண்டின் நீட்சியை அடக்கி, இலையில் காப்புப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுகிறது. இவற்றை உணரும் புரதம் இன்னதென்பது 2011-ம் ஆண்டில் தெளிவாயிற்று. கண்ணாடி இக்கிரணங்களைப் பெரிதும் தடுத்துவிடும்; பாலிதீன் விரிப்புக்களிற் பலவும் அவ்வாறே. 'புற ஊதா தாங்கும்' என்று விற்கப்படுவது விரிப்பின் ஆயுளைக் குறிப்பதேயன்றி நாற்றின் நலத்தையன்று.

நியூஜீலந்தின் மாஸி சர்வகலாசாலையார் லெட்டூஸ் கீரை நாற்றுக்கு விளக்கின் மூலம் இக்கிரணங்களை ஊட்டி ஆராய்ந்தனர். அத்தகைய விளக்கு கண்ணையும் தோலையும் கெடுக்கும். அளவு மீறின் இலை கருகும். கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலிருக்க நமக்கு அச்செலவு எதற்கு? நடவுக்கு முந்திய வாரத்தில் தட்டுகளைக் காலையில் இரண்டு மணி நேரம் வெளியில் வைத்து, நாள்தோறும் நேரத்தை நீட்டி, நீரையும் சற்றுக் குறைத்து வருக. முதல் நாளே உச்சி வெயிலில் வைத்தால் நாற்று வெந்துவிடும்.