ஆஸ்கரை அப்பா கடையில் வைத்துவிட்டுப் போர்முனைக்குப் போன நடிகர்!

1941 பிப்ரவரியில் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினார் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பென்சில்வேனியாவில் அப்பா நடத்திய ஹார்டுவேர் கடையின் ஷோகேஸுக்குப் போனது விருது. மறுமாதமே ராணுவத்தில் சேர்ந்தார் ஸ்டூவர்ட். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவேயில்லை! எடை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர், உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றார். குண்டுவீச்சு விமானியாக 20 முறை போருக்குப் பறந்தார்.

1945-ல் திரும்பியபோது வயது 37. தலையில் நரை. அடுத்த ஆண்டு வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. அடுத்து வந்த படங்களில் சிலவும் பெரிதாகப் போகவில்லை.

திருப்பம் 1950-ல் வந்தது. 'வின்செஸ்டர் 73' படத்துக்கு அவர் வழக்கமாக வாங்கும் சம்பளத்தைத் தர யுனிவர்சல் நிறுவனத்தால் முடியவில்லை. 'சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு' என்று பேசி முடித்தார் அவருடைய ஏஜென்ட் லூ வாசர்மேன். படம் ஓடியது, சம்பளத்தைவிட அதிகமாகவே கிடைத்தது. மற்ற நட்சத்திரங்களும் பங்கு கேட்கத் தொடங்க, ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்தது.

அப்பாவி இளைஞனாகவே பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு, அந்தப் படத்தில் பழிவெறியோடு அலையும் ஸ்டூவர்ட் புதியவர். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ' படங்கள் அந்த இருட்டை இன்னும் ஆழமாகக் காட்டின.

தோற்ற அந்த 1946 படம் என்னவாயிற்று? 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்தார்கள். டி.வி. நிலையங்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதை ஒளிபரப்பித் தள்ளின. இன்று அமெரிக்கக் குடும்பங்கள் ஸ்டூவர்ட்டை நினைப்பதே அந்தப் படத்தை வைத்துத்தான்!