எழுத்துக்காய் ஆட்டமும் நம் புணர்ச்சி இலக்கணமும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் பாலாற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் ஓரிக்கை. பல்லவ மன்னனின் சினத்துக்கு ஆளாகிக் கணிகண்ணரும் அவர்தம் ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும் காஞ்சியை நீங்கியபோது, பெருமாளும் உடன் எழுந்து வந்து ஓரிரவு தங்கிய இடம் இது என்று வைணவ மரபு கூறும். ஓரிரவிருக்கை ஓரிருக்கையாகி, அதுவே ஓரிக்கையாக மருவிற்று என்பர். எண்ணிப் பார்ப்போமாயின் ஏழெழுத்து ஐந்தெழுத்தாகிப் பின் நான்கெழுத்தாயிற்று. பெயரின் நடுவிலிருந்து மக்கள் நாவானது எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது!

எழுத்தை எடுத்தும் சேர்த்தும் புதுச்சொல் காண்பது நம்மவர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் அக்கரச்சுதகம் ஒன்று. எழுத்து வருத்தனம் மற்றொன்று. முன்னது ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு பொருள் காட்டுவது. பின்னது ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டுவது. புலவர்கள் செய்யுளில் நிகழ்த்திய இவ்விளையாட்டை இருவர் எதிரெதிர் அமர்ந்து பலகையில் ஆடும் போட்டியாக்கினால் எவ்வாறிருக்கும்? மேலைநாட்டில் அவ்வாறு பிறந்ததே ஸ்க்ராபிள் என்னும் ஆட்டம்.

அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரெட் பட்ஸ் என்பவர் இதனை உருவாக்கினார். நாளிதழ்ப் பக்கங்களில் எந்தெந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்த்து, மிகுதியாக வருவதற்குக் காய்கள் பல, மதிப்பெண் குறைவு எனவும், அரிதாக வருவதற்குக் காய் ஒன்று, மதிப்பெண் மிகுதி எனவும் அவர் வகுத்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ இதற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பலகையில் 225 கட்டங்கள். பையில் 100 காய்கள், அவற்றுள் இரண்டு எவ்வெழுத்தாகவும் நிற்கவல்ல வெற்றுக்காய்கள். ஒவ்வொருவர் தாங்கியிலும் ஏழு காய்கள் இருக்கும். ஏழையும் ஒருசேர வைப்பவர்க்கு 50 மதிப்பெண் கூடுதல்.

சொல்வளம் மிக்கவரே வெல்வர் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. 2015இல் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாத நிலையிலேயே, அம்மொழியின் சொற்பட்டியலை மனத்திற் பதித்துக்கொண்டு பிரெஞ்சு உலகப் போட்டியில் வாகை சூடினார். பொருளறியாதவர் வென்றார் என்றால் மொழியறிவுக்கு இங்கு என்ன வேலை என்று நம் தமிழாசிரியர்கள் வருந்தக்கூடும். ஆயினும் பட்டியலை நெட்டுருச் செய்தோர் பலர் அவரிடம் தோற்றனர் என்பதையும் நோக்க வேண்டும். அவரை வேறுபடுத்தியது, அறிந்த சொற்களுள் எதனை எப்போது வைப்பது என்னும் தேர்வே. 2007இல் மும்பையில் நடந்த ஆங்கில உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் அவரை எதிர்கொண்டவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். அச்சுற்றில் மூன்று ஆட்டங்களையும் இழந்து அவர் இரண்டாமிடம் பெற்றார். ஆசீர்வாதம் என்னும் பெயரே அவர் நமக்கு உறவென்று சொல்லிவிடும்.

தேர்வு என்றோம். கையிலுள்ள காய்களால் 30 மதிப்பெண் பெறும் சொல் ஒன்றும் 24 பெறும் சொல் ஒன்றும் அமைகின்றன எனக் கொள்வோம். புதியவர் 30ஐயே எடுப்பார். தேர்ந்தவரோ, வைத்தபின் தாங்கியில் எஞ்சுவது யாது என்று முதலில் நோக்குவார். எஞ்சும் காய்கள் ஒன்றோடொன்று இசைவனவாயின் ஆறு மதிப்பெண்ணை விட்டுக்கொடுப்பார். 2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே உலக வாகையர் ஆனபோது, அவர் நாட்டார் பயின்ற இம்முறை உலகத்தார் கண்ணிற் பட்டது. நெடுஞ்சொல் அறிந்திருந்தும் நான்கு, ஐந்து எழுத்துச் சொற்களை வைத்து, நல்ல காய்களைக் கையிருப்பாகக் காத்து, எதிராளிக்கு வழிவிடாமல் பலகையை நெருக்கமாக்குவதே அது.

மற்றொன்று எண்ணிக்கை. பையில் என்னென்ன காய்கள் இருந்தன என்பது இருவருக்கும் தெரியும். பலகையில் உள்ளவற்றையும் தம் கையில் உள்ளவற்றையும் கழித்தால் காணாக் காய்கள் இவை எனத் துணியலாம். காணாதவை ஒன்பதாயின், ஏழு எதிராளியிடமும் இரண்டு பையிலும் இருக்கும். நமக்கு வேண்டிய ஒரு காய் பையில் இருப்பதற்கு 9இல் 2 பங்கே வாய்ப்பு. பை காலியான பின்னரோ எதிராளியின் தாங்கி நமக்குக் கண்ணாடியாகிவிடும். அதன்பின் ஊழுக்கு இடமில்லை. சதுரங்கம் போலக் கணக்கு மட்டுமே எஞ்சும்.

அதுவரையில் ஊழ் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஊழைக் கையாளும் முறைக்கு ஓரிக்கைச் சாலையின் மறுமுனையிலேயே சான்று இருக்கின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற்பராந்தகன் காலத்தவை. ஆண்டுகள் 919, 921. குடும்புகள் முப்பது, ஒவ்வொன்றிலும் நிலம், மனை, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவை, கல்வி ஆகிய தகுதிகள் உடையோர் பெயர்களே ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பெறும். எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறுபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். தகுதியால் வாய்ப்புக்கு எல்லை வகுத்த பின்னரே அதனை அழைத்தனர் நம் முன்னோர். இன்றைய ஸ்க்ராபிள் போட்டிகளிலும் விரித்த வெறுங்கையைக் காட்டி, பையை உயர்த்திப் பிடித்தே காய் எடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே ஐயம், ஒரே தீர்வு!

இனித் தமிழுக்கு வருவோம். விடுமுறை நாளொன்றில் ஓரிக்கைத் திண்ணையொன்றில் அமர்ந்து, அட்டையை வெட்டிக் காய்கள் செய்தோம். ஆங்கில வழிப் பள்ளியிற் பயிலாத நம் மாணவர் பலர் ஸ்க்ராபிள் என்றாலே ஒதுங்குவதைக் கண்டிருந்தோம். தாய்மொழியில் ஆடினால் இக்கூச்சம் நீங்காதா என்பதே நம் எண்ணம். உயிர்மெய் ஒவ்வொன்றும் தனிக்காய். ஔகார உயிர்மெய்களை விட்டுவிட்டோம். நடுவராக 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதனை நடுவராக்கினால் வழக்கொழிந்த சொல் அறிந்தவரே எப்போதும் வெல்வர் என அஞ்சினோம்.

முதல் ஆட்டம் பாழாயிற்று. வேற்றுமையுருபு, விகுதி அனைத்தையும் ஏற்பது என்று பெருந்தன்மையோடு தொடங்கியிருந்தோம். ‘வந்தா’ என்பது எங்கேனும் அமைந்துவிட்டால் ன், ள், ர் என ஆளுக்கொன்று ஒட்டுவதே ஆட்டமாயிற்று. சிந்தனைக்கு இடமே இல்லை. பன்மைக்குப் பயன்படும் எஸ் எழுத்துக்குப் பட்ஸ் நான்கே காய்கள் வைத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. இரண்டாம் ஆட்டத்தில் வினைமுற்றுகளை விலக்கி, பெயர்களின் வேற்றுமையையும் பன்மையையும் மட்டும் ஏற்றோம். அதன்பின் வெளிப்பட்டதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தேர்வுக்காக மட்டும் படித்த நன்னூற் புணரியல் பலகையின் மேல் உயிர்பெற்று எழுந்தது.

‘பலகை’ என வைத்தால் அடுத்தவர் யை சேர்த்துப் பலகையை என்பார்; யில் சேர்த்துப் பலகையில் என்பார். யகர உடம்படுமெய் தோன்றுவதால் இறுதிக் காய் மாறுவதில்லை. ஆகவே இகர, ஐகார ஈறுகள் திறந்த கதவுகள். ‘கடல்’ அவ்வாறன்று. கடலை என்றாக்க ல் போய் லை வர வேண்டும். வைத்த காயை மாற்ற விதி இடந்தராது. ஆயினும் கடல்கள் எனப் பன்மை ஒட்டலாம். கதவு பாதி சாத்தியது. ‘கல்’ கற்களாகத் திரிவதால் அதற்கு அவ்வழியும் இல்லை. மகர ஈறோ முழுத்தாழ். மரம் என்பது வேற்றுமையில் மரத்தை எனவும் பன்மையில் மரங்கள் எனவும் திரிவதால் உருபோ விகுதியோ அதன்பின் ஒட்டாது. முன்னணியில் இருப்பவர் மகர ஈற்றுச் சொல்லால் மூடலாம். பின்தங்கியவர் ஐகார ஈற்றால் திறந்து போரை வளர்க்கலாம்.

சொல்லின் முதலுக்கும் இவ்வாறே விதியுண்டு. ‘கல்’ என்பதன் முன் ப சேர்ந்தால் பகல், ந சேர்ந்தால் நகல், அ சேர்ந்தால் அகல். அகல் ஆனவுடன் முன்கதவு அடைபட்டது. அளபெடையை நீக்கினால் உயிரெழுத்து மொழிக்கு முதலிலன்றி வாராதன்றோ! அறம், ஆரம், உரம் முதலியவற்றில் முன்னால் உயிர், பின்னால் மகரம். இருபுறமும் தாழிட்ட சொற்கள் இவை. நம்முள் ஒரு மாணவி, முன்னணி பெற்றதும் இத்தகைய சொற்களையே தேடி வைத்து மூன்று ஆட்டங்களை வென்றாள். வகுப்பில் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைக் கேட்டால் தலைகுனிந்து நிற்பவள் அவள்.

எஞ்சும் காயைப் பற்றி மேலே கூறியதும் இங்குப் பொருந்தும். தாங்கியில் க, ட, ல், ம், ர, வி, து உள்ளன. ‘கல்வி’ வைக்கலாம், ‘விரல்’ வைக்கலாம். இரண்டும் மூன்றெழுத்தே. கல்வி வைத்தால் எஞ்சுவன ட, ம், ர, து. இவற்றுள் து ஒன்றே இயல்பாக மொழிமுதலில் வரும். ரசம், டப்பா போன்ற கடன்சொற்கள் அகராதியில் உண்டெனினும் சிலவே. விரல் வைத்தால் க, ட, ம், து எஞ்சும். தொடங்கக் ககரமும் துகரமும், முடிக்க மகரம், இடையில் டகரம். ‘கடம்’ இப்போதே கையில் இருக்கின்றது. ஆங்கிலத்தார் உயிரும் மெய்யும் சமனாக எஞ்சுமாறு ஆடுவர். தமிழில் ஆடுவோர் மொழிமுதல், இடை, கடை என்னும் மூன்றும் எஞ்சுமாறு ஆட வேண்டும். ஞகர ஒற்றும் நகர ஒற்றும் சொல்லிறுதிக்கு உரியவை என்று தொல்காப்பியம் கூறினும், ஞகர ஒற்று ஒரே சொல்லிலும் நகர ஒற்று இரண்டே சொல்லிலும்தான் இறுதியாகும் என அதுவே வரையறுக்கின்றது. அக்காய்களை விரைவில் இடையில் வைத்துக் கழித்துவிடுவதே நன்று.

குறைகள் பல உள்ளன. இகல் போன்ற இலக்கியச் சொற்களை ஏற்பதா, எந்தக் காய்க்கு எத்தனை மதிப்பெண் என்பனவெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. பட்ஸ் எண்ணியது போல நாமும் நாளிதழ்ப் பக்கங்களை எண்ணத் தொடங்கியிருக்கிறோம். ஆர்வமுள்ள மாணவர்கள் துறையில் வந்து கைகொடுக்கலாம்.

அன்று மாலை இறுதி ஆட்டத்தில் திண்ணைக்குரிய பெரியவர் தம் காய்களால் ‘ஓரிக்கை’ என வைத்தார். சிறப்புப்பெயர் செல்லாதென்றோம். “இது காரணப்பெயர் அல்லவா? ஓரிரவு இருந்த காரணத்தால் வந்ததுதானே?” என்று அவர் வாதிட்டார். காரணப்பெயரே, ஆயினும் காரணச் சிறப்புப்பெயர் என்று நன்னூலைக் காட்டினோம். சிறிது நேரம் பலகையையே பார்த்திருந்தவர், நான்கு காய்களையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த ‘பல’ என்பதன் பின் கையை மட்டும் வைத்தார்.