பையன் கேட்ட பவளத்தொட்டி

அண்மையில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்ததும் அவ்வீட்டுப் பையன் நம்மை அழைத்துச் சென்று தன் கண்ணாடித் தொட்டியைக் காட்டினான். உள்ளே உப்புநீர்; நடுவே, உறவினர் ஒருவர் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்த கிளைப்பவளம் வெளிறிக் கிடந்தது. "சுவாமி, இது ஏன் வளரவில்லை?" என்றான்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கித் தருகின்றன. வெப்பம் மிகுந்தால் அப்பாசிகள் நீங்கிவிடும். பவளம் வெளுத்து, பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது இதுவே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பவளப்பாறைகளின் அழிவைக் குறித்து 41ஆம் பத்தியில் வருந்தி எழுதியிருக்கிறார்.

சட்டமும் உண்டு. அவ்வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியதால் அவற்றுள் இரண்டு தீவுகள் பின்னர் நீரில் மூழ்கின. கல்போன்ற கூடு கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிரோடிருப்பினும் செத்ததாயினும் எடுப்பதும் விற்பதும் குற்றம். மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஆயினும் பையனை நாம் கடிந்துகொள்ளவில்லை. கடலோர ஊர்களின் பழைய சுவர்களில் பவளச் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறதே!

அப்படியானால் தொடக்கக்காரர் எதை வளர்க்கலாம்? கற்கூடு இல்லாத மென்மையான இனங்களையே நாம் சொல்வோம். முதலிடம் காளான் பவளத்துக்கு. மங்கிய ஒளியும் மெல்லிய நீரோட்டமும் அதற்குப் போதும். தொட்டியின் அடியில் வைத்தால் நலம். அடுத்தது தோல் பவளம். அது சில வேளைகளில் நாட்கணக்கில் சுருங்கி, மெழுகுபோன்ற படலம் பூண்டு நிற்கும். செத்ததென்று தூக்கி எறிபவர் பலர். பொறுத்திருந்தால் தோலை உரித்துவிட்டு மீண்டும் விரியும். சோயாந்திட் என்னும் பூப்போன்ற இனமும் எளிதில் வளரும். ஆனால் அவற்றுட் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையின்றித் தொடலாகாது, அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தல் உயிருக்கே ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

எதுவாயினும் கடலில் பறித்ததன்று, தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு என்பதற்கு ரசீது கேளுங்கள். அவ்வினம் அட்டவணையில் இல்லை என்பதை வனத்துறையிடம் முன்னரே கேட்டறியுங்கள்.

தொட்டியை நிரப்பிய அன்றே பவளத்தை இறக்குவது பெருந்தவறு. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும். வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும். நம் கோடையில் குளிர்விக்கும் கருவியின்றி அது நடவாது. அச்செலவைப் பெற்றோர் முதலிலேயே கணக்கிடட்டும். நீர் வற்றினால் நன்னீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

அந்தக் கிளைப்பவளத்தை ஒப்படைக்கத் தந்தையும் மகனும் வனத்துறை அலுவலகம் சென்றபோது நாமும் உடன் சென்றோம். தொட்டியில் இப்போது உப்புநீரும் செயற்கைக் கல்லும் மட்டுமே இருக்கின்றன. பையன் நாள்தோறும் உப்பின் அளவை நோட்டில் குறித்து வருகிறான். இது மூன்றாம் வாரம்.