புலித்தலை ராட்சசன் எந்த ஊர்க்காரன்?

சேலத்திலிருந்து அயோத்தியாபட்டணம் வழியாக ஏற்காடு போகிறவர்கள் குப்பனூரில்தான் மலையேற வேண்டும். அடிவாரப் பாதையில் மண் சரிந்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற சாலை இது. அங்கே எங்கள் வீட்டுத் திண்ணையில், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் தெருப் பையன்கள் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்து ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம், ஒருவன் கதையை நடத்துகிறான், வெட்டியது பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர்.

"இங்க பாருங்க மாமா, ராட்சசன். நம்ம ஊர்க்காரன்" என்று ஒரு படத்தைக் காட்டினான். புலித்தலை, ராஜ உடுப்பு, உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்பிய கைகள். கம்பனிலும் வில்லியிலும் நான் பார்த்த ராட்சசர்களில் இப்படி ஒருவன் இல்லை. "இவன் எந்த ஊர்க்காரன்டா?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய ஆட்டம் இது. இதன் இலக்கிய மூலம் டோல்கீன்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். கைகாக்ஸ் அதை ஒப்புக்கொண்டதில்லை. 1979இல் வந்த ஆட்ட நடத்துனர் கையேட்டின் பின்னிணைப்பில் தன்னைப் பாதித்த நூல்களை அவரே பட்டியலிட்டிருக்கிறார். டோல்கீன் அதில் உண்டு. ஆனால் மிக நேரடியான பாதிப்பு என்று தனியே குறிப்பிடும் பெயர்களில் இல்லை. அங்கே இருப்பவர்கள் ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் போன்றவர்கள். பெரும்பாலும் மலிவுத்தாள் பத்திரிகைகளில் எழுதியவர்கள், நம்மூரில் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் நாவல்களைப் போல விமர்சகர்கள் கண்டுகொள்ளாதவை. டோல்கீனின் குள்ளர்களும் ஓர்க்குகளும் ஆட்டத்துக்குள் வரத்தான் செய்தார்கள். 1977 வாக்கில் உரிமையாளர்கள் ஆட்சேபித்ததும் 'ஹாபிட்' என்ற பெயர் 'ஹாஃப்லிங்' ஆயிற்று. ஆனால் ஆட்டத்தின் எலும்புக்கூடு வேறிடத்தில் எடுத்தது. மந்திரவாதி மந்திரத்தை மனனம் செய்ய வேண்டும், சொன்னதும் மறந்துபோகும் என்ற விதி வான்ஸின் 1950 நூலிலிருந்து வருகிறது. திருடனுக்கு ஒரு தனித் தொழில் கிடைத்ததில் லைபரின் கதாநாயகனுக்குப் பங்குண்டு. உலகமே ஒழுங்கு, குழப்பம் என்று இரு அணியாகப் பிரிந்து நிற்பது போல் ஆண்டர்சனுடையது. மைக்கேல் மூர்காக்கும் அதையே எழுதினார்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கதையில் பிரபஞ்சப் போராக இருந்தது ஆட்டத்தில் ஒவ்வொரு உயிரின் பெயருக்கும் எதிரே நிரப்பவேண்டிய ஒரு கட்டமாகிவிட்டது. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' அகர வரிசையில் போகிறது: எத்தனை அபூர்வம், எத்தனை பேராகத் திரிவார்கள், உயரம், புத்தி, குணம். ராட்சசன்: ஒழுங்குள்ள தீயவன். ஓர்க்: அதுவும் அப்படியே. பிறந்த குழந்தைக்கும் அதே கட்டம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எந்த நாவலும் அல்ல, எட்கர் தர்ஸ்டன். 1909இல் வந்த ஏழு தொகுதிகள். அகர வரிசையில் சாதிகள், பழங்குடிகள். மூக்கின் அளவு, தலையின் அளவு, பழக்க வழக்கம். குப்பனூருக்கு மேலே சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களும் அதில் ஒரு பதிவு. கைகாக்ஸ் தர்ஸ்டனைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதரை வாழிடம், அளவு, குணம் என்று பட்டியலிடும் காலனியப் பழக்கம் எல்லா நூலகங்களிலும் படிந்திருந்தது. மலிவுக் கதைகளும் அதைத் தின்றுதான் வளர்ந்தன. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்து 1947வரை கைரேகை எடுத்தபோது செய்ததும் இதே கட்டத்தை நிரப்பும் வேலைதான். அங்கே பகடை உருளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: காஞ்சியிலிருந்து வந்து இந்த மலைகளில் பரவிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் கதையை மலையாளிகள் சொன்னபடி தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். மான்ஸ்டர் மேனுவலில் அந்தச் சலுகைகூட இல்லை.

சரி, புலித்தலைக்காரன்? அவன் முதலில் தோன்றியது 1975 டிசம்பரில், அந்த நிறுவனத்தின் பத்திரிகையில். எதிரே இருப்பவருக்கு நம்பிக்கையான ஆளின் உருவில் வருவான். மந்திரித்த அம்பு பட்டால் செத்துவிடுவான். சரியாக ஒரு வருஷம் முன்பு, 1974 டிசம்பரில், 'கோல்சாக்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் சிகாகோவில் ஒரு ராட்சசன் வந்தான். வேண்டியவர்களின் உருவில் வந்தான், மந்திரித்த அம்பில் செத்தான். ஆக, வால்மீகியும் இல்லை, வியாசனும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி டி.வி.

மூலம் மலிவானது என்பதல்ல என் குறை. நம் கூத்தும் மலிவு என்று ஒதுக்கப்பட்டதுதான். இந்த அட்டவணையில் இடம் யாருக்கு இல்லை என்று பாருங்கள். இடும்பி இல்லை. பாண்டவருக்காகச் செத்த கடோத்கசன் இல்லை. விபீஷணன் இல்லை. 1946இல் புலவர் குழந்தை எழுதி, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கிய இராவண காவியத்தின் ராவணனுக்கு எந்தக் கட்டத்தை நிரப்புவது? தெருக்கூத்தில் அரக்கனும் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார் என்று தானே பாடிவிட்டுத்தான் களத்துக்கு வருகிறான். கட்டியக்காரன் கேலி செய்வான், ஆனால் பாடவிடாமல் தடுக்க மாட்டான்.

ஆட்டக்காரர்களே இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2020இல் ஓர்க்குகளைச் சித்திரித்த விதத்தை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. 2024 விதிநூலில் 'இனம்' என்ற சொல் போய் 'உயிரினம்' வந்தது. சொல்லை மாற்றியிருக்கிறார்கள், கட்டங்கள் பெரும்பாலும் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் திண்ணையில் ஒரு சண்டை. கூத்தாடுகிறவர் ஒருவரின் மகன், ராட்சசனாகத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

"ராட்சசன் பிளேயர் இல்லைடா, நாங்க கொல்றதுக்கு" என்றான் என் மருமகன்.

"கொன்னுக்க. அதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்ல வேணாமா?"

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து வந்து, ரெண்டு பேரை ஆளுக்கொரு முனையில் பிடிக்கச் சொன்னான். மருமகன் அதற்கு விதி இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.